மேப் போடுவதா, ஜிடிஐ வாங்குவதா: ஒரு பட்டறை நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 14, திங்கள். கே.புதூர், மதுரை

சித்திரை ஒன்று. லிஃப்டில் நிற்பது ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் 1.5 டிஎஸ்ஐ, ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). பவர் கூட்ட இதற்கு ஸ்டேஜ் 1 மேப் (பாகம் எதையும் மாற்றாமல் இன்ஜின் கம்ப்யூட்டரின் நிரலை மட்டும் மாற்றி எழுதுவது) போட்டால் போதுமா, அதே கம்பெனியின் வரப்போகிற வேகமான காரான கோல்ஃப் ஜிடிஐக்குப் பணம் சேர்ப்பதா என்பதுதான் கேள்வி. இன்ஜின் மட்டும் பார்த்துப் பதில் சொன்னால் தப்பாகிவிடும். வண்டியை ஒவ்வொரு பாகமாக அளந்து இங்கே எழுதி வருவோம்.

கம்பெனி எண்கள்: 1,498 சிசி, 5,000 ஆர்பிஎம்மில் 150 பி.எஸ். (குதிரைத்திறன்), 1,600 முதல் 3,500 ஆர்பிஎம் வரை 250 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). ஸ்டேஜ் 1 போட்டால் 180 முதல் 190 பி.எஸ்., 310 முதல் 330 நியூட்டன் மீட்டர் வரும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. செலவு அரை லட்சத்தைச் சுற்றி. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. இந்த வண்டியில் இருக்கும் கியர்பாக்ஸின் உள்பெயர் டிக்யூ200. உலர் கிளட்ச் இரண்டு கொண்டது. அது தாங்குவதற்கென்று குறித்த டார்க் 250 நியூட்டன் மீட்டர். இன்ஜின் தருவதும் அதே 250. இடையில் மிச்சம் கிடையாது.

2025 ஏப்ரல் 19, சனி

வேறொரு இடத்தில் 320 நியூட்டன் மீட்டருக்கு மேப் போட்ட இதே மாடல் வண்டி ஒன்று வந்தது. புகார்: “மேட்டுல மிதிச்சா ஆர்பிஎம் ஏறுது, வண்டி ஏறல.”

ஸ்கேனரை மாட்டி மூன்று எண்களை மட்டும் பதிவு செய்தோம்: இன்ஜின் வேகம், கியர்பாக்ஸ் உள்தண்டின் வேகம், கிளட்ச் வெப்பம். நான்காவது கியரை மேனுவலில் பூட்டிவிட்டு 1,800இலிருந்து 2,800 ஆர்பிஎம் வரை முழு மிதி. அதற்குள் வேகம் 100ஐத் தாண்டாது, எனவே நால்வழிச் சாலையிலேயே எடுக்கலாம். அதற்கு மேல் இழுத்துப் பார்க்க வேண்டுமானால் டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பவர் அளக்கும் உருளை மேடை), இல்லையென்றால் கோவை செட்டிபாளையத்தின் கரி ஸ்பீட்வே பந்தயத் தடம். ரிங் ரோட்டில் செய்யக்கூடாது.

கிளட்ச் பிடித்திருந்தால் இரண்டு வேகமும் ஒரே கோடாகப் போகும். இந்த வண்டியில் 2,200இல் கோடு பிரிந்தது. இன்ஜின் 2,410, உள்தண்டு 2,230. ஒரு விநாடிக்கும் மேல் 180 ஆர்பிஎம் வழுக்கல். நான்காவது கியர் கே2 கிளட்சில் இருக்கிறது (2, 4, 6, ரிவர்ஸ் எல்லாம் அதில்தான், 1, 3, 5, 7 கே1இல்). ஐந்தாவதில் அதே சோதனை செய்தபோது கே1 கொஞ்சம் பிடித்தது, முழுதாக இல்லை.

ஏன் வழுக்குகிறது? உலர் கிளட்சில் வெப்பத்தை எடுத்துப்போக எண்ணெய் இல்லை. வழுக்கினால் சூடு, சூடானால் பிடிமானம் குறையும், குறைந்தால் இன்னும் வழுக்கும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துவிட்டு இன்ஜினிடம் டார்க்கைக் குறைக்கச் சொல்கிறது. காசு கொடுத்து வாங்கிய 320 அங்கேயே போய்விடுகிறது. கியர்பாக்ஸுக்கும் தனியாக மேப் போட்டு அழுத்தத்தைக் கூட்டலாம் என்பார்கள். பிடிமானம் கூடும், ஆனால் பிளேட்டின் பரப்பும் வெப்பத்தை விழுங்கும் சக்தியும் அப்படியேதான் இருக்கும்.

2025 ஏப்ரல் 21, திங்கள்

இதற்கு மாற்று வழி ஒன்று இருக்கிறது. எங்களுக்குப் பிடித்த வழியும் இதுதான். பி.எஸ். என்பது டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,024ஆல் வகுத்தது. 3,500இல் 250 நியூட்டன் மீட்டர் இருந்தால் 125 பி.எஸ். அதே 250ஐ 5,000 வரை விடாமல் பிடித்தால் 178 பி.எஸ். டார்க்கின் உச்சத்தைக் கூட்டாமல், அது விழும் இடத்தை மட்டும் தள்ளிப் போடுவது. கிளட்ச் தன் எண்ணைத் தாண்டாது, மேலே 28 பி.எஸ். கூடும்.

மேப் எழுதுபவரிடம் இப்படிக் கேளுங்கள்: “டார்க் 250ல நிக்கணும், 3,500க்கு மேல விழாம இருக்கணும்.” முதுகு சீட்டில் ஒட்டுகிற அந்த முதல் தள்ளல் கிடைக்காது என்பதால் பலருக்கு இது ருசிக்காது. ஆனால் லாரியைத் தாண்டும்போது வேண்டியது 4,000க்கு மேலேதான். 5,000 வரை இந்தச் சின்ன டர்போ அவ்வளவு காற்றைத் தள்ளுமா என்பதை ஸ்கேனர் பதிவில், அதாவது லாக்கில்தான் பார்க்க வேண்டும். கேட்ட பூஸ்டும் (டர்போவின் காற்றழுத்தம்) கிடைத்த பூஸ்டும் பிரிகிற இடத்தில் மேப்பை நிறுத்திவிட வேண்டும்.

2025 மே 6, செவ்வாய்

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள். மதியம் இரண்டு மணிக்கு நிழலிலேயே 40. மேப்பின் யோக்கியதை தெரிவது இந்த வெயிலில்தான்.

25 டிகிரிக் காற்றைவிட 42 டிகிரிக் காற்றில் ஆக்சிஜன் சுமார் 5 சதவீதம் குறைவு. டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி அதை ஈடுகட்டும், ஆனால் சுற்றச் சுற்றக் காற்று மேலும் சூடாகும். இந்த இன்ஜினில் டர்போக் காற்றைக் குளிர்விப்பது தண்ணீர். தனி ரேடியேட்டர், தனி எலெக்ட்ரிக் பம்ப். பம்பருக்குப் பின்னால் பெரிய இன்டர்கூலரை மாட்டுகிற வேலை இங்கே நேராக நடக்காது, வாங்கி ஏமாறாதீர்கள். அடுத்தடுத்து நான்கு முறை இழுத்தபோது உள்ளே போகும் காற்று 48இலிருந்து 67 டிகிரிக்கு ஏறியது. நான்காவது முறை நாக் சென்சார் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பதைக் கண்டுபிடிப்பது) சொல்லி ஒரு சிலிண்டரில் இக்னிஷன் 4.5 டிகிரி பின்வாங்கியது. எங்கள் வரம்பு 3. அதைத் தாண்டினால் அந்த மேப் இந்த ஊருக்கு ஆகாது.

பெட்ரோல் விஷயமும் இதோடு சேர்ந்தது. இங்கே கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. சுத்த பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று என்றால், இதற்கு 13.5தான். அதாவது அதே காற்றுக்கு இன்ஜெக்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் மேப் குறைந்த எத்தனாலுக்கு எழுதியதாக இருக்கலாம். ஃபியூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் திருத்தம்) முழு மிதியில் 10 சதவீதத்தை ஒட்டி நின்றால் திருப்பி அனுப்புங்கள். 95 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோலுக்கு எழுதிய மேப்பென்றால், ராமேஸ்வரம் பக்கமோ கம்பம் பக்கமோ போகும்போது வழியில் அந்த எண்ணெய் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சாதா பெட்ரோலுக்கு எழுதிய மேப் 8 பி.எஸ். குறைவாகத் தந்தாலும் அதைத்தான் போடுவோம்.

2025 மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கிய நாள். கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகரவில்லை. டிஎஸ்ஜி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: கூட்டத்தில் அரை அடி அரை அடியாக ஊர்வது, முழு மிதியைவிடக் கிளட்சுக்குக் கேடு. முன்னால் ஒரு வண்டி நீளத்துக்கு இடம் கிடைக்கட்டும், பிறகு பிரேக்கை விட்டு முழுதாக நகருங்கள். நின்றால் நியூட்ரல்.

2025 மே 18, ஞாயிறு

பிரேக். இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, அதுதான் வருத்தம்.

கொடைக்கானல் ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில். இறங்கி வத்தலக்குண்டு வந்தால் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் கீழே. ஆட்களோடு 1,350 கிலோ வண்டி அவ்வளவு இறங்கும்போது கழிக்க வேண்டிய ஆற்றல் சுமார் 24 மெகாஜூல். 120 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு முறை முழுதாக நிறுத்துவது 0.75 மெகாஜூல். அப்படியானால் 32 முறை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் இன்ஜின் பிரேக்கும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், கியரை டி-யில் விட்டுவிட்டால் அதுவும் குறையும். எஸ் அல்லது மேனுவலில் இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள்.

மேப் போட்ட வண்டி மேட்டில் வேகமாக ஏறும், ஒவ்வொரு வளைவுக்கும் கூடுதல் வேகத்தோடு வரும். 120க்குப் பதில் 140இல் வந்தால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு 36 சதவீதம் அதிகம். விர்ட்டஸில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

இன்று கழற்றிய பிரேக் பேட் (டிஸ்க்கைக் கவ்வும் தகடு) ஒன்றின் ஓரம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது, பரப்பு கண்ணாடியாக மின்னியது. டிஸ்க்கில் நீலத் திட்டுகள் நாலைந்து. நகத்தால் கீறினால் பேட்டின் ஓரம் தூளாக உதிர்ந்தது. பிசின் எரிந்துபோன பேட். மேலே பவர் ஏற்றிவிட்டுக் கம்பெனி பேடையே விட்டால் இப்படித்தான் ஆகும்.

செய்ய வேண்டியது: நல்ல தரப் பேட், புது பிரேக் ஆயில், பேடை அழுத்தும் காலிபரின் பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் குடித்தபின் 155. டாட் 5.1க்கு 260, 180. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் 155 டிகிரி ஆயிலோடுதான் மலை இறங்குகிறீர்கள். மாற்ற ஒரு லிட்டர் போதும், மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள். புது பேடுக்கு 80இலிருந்து 20 வரை பத்து முறை, முழுதாக நிறுத்தாமல், நடுவில் அரை கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். நடுவில் நிறுத்திக் காலை அழுத்தி வைத்தால் சூடான பேட் டிஸ்க்கில் ஒட்டிக் கறை விழும், பிறகு பெடல் உதறும்.

2025 மே 27, செவ்வாய்

நேற்று ஜிடிஐ விலை வந்துவிட்டது. ஷோரூம் விலை 52.99 லட்சம், முழுதாக இறக்குமதி, முதல் தவணை 150 வண்டிகள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம், அது மட்டும் சுமார் 10.6 லட்சம். இன்சூரன்ஸும் சேர்த்தால் 65 லட்சத்தை ஒட்டி நிற்கும்.

அந்தப் பணத்துக்கு என்ன வருகிறது? 1,984 சிசி, 265 பி.எஸ்., 370 நியூட்டன் மீட்டர், 100 கி.மீ.க்கு 5.9 விநாடி. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஜிடிஐ 134 பி.எஸ்., ஸ்டேஜ் 1 போட்ட விர்ட்டஸ் சுமார் 125. ‘பெரிய இன்ஜின், சும்மா இருக்கும்’ என்பது சரியில்லை, கூடுதலாக உழைப்பது ஜிடிஐதான். வித்தியாசம் மற்ற இடங்களில் இருக்கிறது. எண்ணெயில் நனைந்த கிளட்ச் கொண்ட டிஎஸ்ஜி. முன் சக்கரங்களுக்கு நடுவே, இரண்டுக்கும் டார்க்கைப் பிரித்துத் தரும் எலெக்ட்ரானிக் பூட்டு டிஃபரன்ஷியல். முன்னால் 340 மி.மீ., பின்னால் 310 மி.மீ. டிஸ்க். பின்னால் மல்டி லிங்க் சஸ்பென்ஷன். இவற்றில் எதுவும் விர்ட்டஸில் அப்படியே ஏறாது. விர்ட்டஸின் சக்கர போல்ட் வட்டம் 5க்கு 100 (ஐந்து போல்ட், 100 மி.மீ. விட்டம்), கோல்ஃபில் 5க்கு 112.

முன்சக்கர வண்டியில் 320 நியூட்டன் மீட்டரைக் கொண்டுபோய் முதல் கியரில் வளைவில் மிதித்தால் உள்சக்கரம் சும்மா சுற்றும், டிராக்‌ஷன் கன்ட்ரோல் பவரை வெட்டும். அந்த டிஃபரன்ஷியல் இருந்தால் வெளிச்சக்கரத்துக்கு டார்க் போய் வண்டி வளைவுக்குள் இழுக்கும். சிறுமலை ஏற்றத்தின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இது தெரியும்.

மூன்றாவது வழி பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245. 2020இல் இந்தியாவுக்கு 200 வண்டிகள் வந்தன, அப்போது 35.99 லட்சம். 245 பி.எஸ்., 370 நியூட்டன் மீட்டர், நனைந்த கிளட்ச், அதே வகை டிஃபரன்ஷியல். கிடைத்தால் முதலில் தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட் கூட்டைப் பாருங்கள். பிளாஸ்டிக் அது, கூலன்ட் கசிந்து காய்ந்த கறை கீழே தெரியும். டிஎஸ்ஜி ஆயில் மாற்றிய ரசீது கேளுங்கள். 65 லட்சம் இல்லை என்று எங்கள் பட்டறைக்கு வருபவரிடம் இதைத்தான் தேடச் சொல்வோம்.

2025 ஜூன் 2, திங்கள்

“அண்ணே, வெறும் மேப்தானே, வேணாம்னா பழசையே ஏத்திக்கலாம்ல?”

ஏற்றலாம். ஆனால் இன்ஜின் கம்ப்யூட்டர் எத்தனை முறை எழுதப்பட்டது என்று தனிக் கணக்கு வைத்திருக்கிறது. சர்வீஸில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், பவர்டிரெய்ன் வாரண்டி போகலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம் போடும் சைலன்சர் வேறு பிரிவில் தனி. காட்டலிடிக் கன்வெர்ட்டரை வெட்டி எறியும் வேலையைக் கொண்டுவராதீர்கள், செய்யமாட்டோம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றம் செய்தால் விபத்தன்று க்ளெய்ம் சிக்கலாகும்.

2025 ஜூன் 8, ஞாயிறு

டயர். கம்பெனி அளவு 205/55 ஆர்16, விட்டம் 632 மி.மீ. 205/50 ஆர்17 போட்டால் 637, ஸ்பீடோ பிழை ஒரு சதவீதத்துக்குள். 215/50 ஆர்17 என்றால் 647, இரண்டு சதவீதத்துக்கு மேல் போய்விடும். சக்கரத்தின் நடு ஓட்டை 57.1 மி.மீ., ஒத்துவராத அலாய் போட்டால் 90 கி.மீ.யில் ஸ்டீயரிங் நடுங்கும். போல்ட் இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சால், குறுக்காக. 50 கி.மீ. ஓட்டி மறுபடி பார்க்க வேண்டும்.

16 அங்குலத்திலேயே பிடிமானம் கூடிய டயர் போடுவது எங்கள் விருப்பம். மேலூர் பக்கக் கிராமத்து ரோட்டில் பெயின்ட் இல்லாத வேகத்தடை வரும், பக்கச்சுவர் தடிமன் அப்போது உதவும். 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கும் அதனால்தான் வேண்டாம். காற்றைக் காலையில் அடியுங்கள், பத்து டிகிரி வெயில் ஏறினால் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும்.

2025 ஜூன் 14, சனி

320 மேப் போட்ட வண்டி திரும்ப வந்தது. 250க்கு மாற்றி எழுதி, கிளட்ச் அடாப்டேஷன் (கிளட்ச் பிடிக்கும் புள்ளியைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது) செய்து, நான்காவதிலும் ஐந்தாவதிலும் லாக் எடுத்தோம். கே1 சரி. கே2 இன்னும் 2,300இல் 40 ஆர்பிஎம் வழுக்குகிறது, பிளேட் பளபளத்துவிட்டது. கிளட்ச் பேக் மாற்றியே ஆக வேண்டும், ஆர்டர் போட்டாயிற்று.