கன்னத்துப் புள்ளியும் நெற்றி மங்கும்: வைட்டமின் சி நாட்குறிப்பு

ஜனவரி 8

கன்னத்தில் பரு போன இடங்களில் பழுப்புப் புள்ளிகள். நெற்றியிலும் மேலுதட்டுக்கு மேலேயும் மங்கு, அதாவது மெலாஸ்மா என்ற பழுப்புத் திட்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, ஆனால் இரண்டும் வேறு வேறு என்று தோல் மருத்துவர் இன்று பொறுமையாக விளக்கினார். பரு, சிராய்ப்பு, பூச்சிக்கடி என எதனாலாவது தோல் வீங்கிச் சிவந்தால், அந்த எரிச்சலில் நிறமி செல்கள் மெலனின் என்ற நிறமியைக் கூடுதலாகச் சுரந்துவிடுகின்றன. பரு ஆறிய பிறகு அந்தக் கறை தானாகவே மெல்ல வெளிறும். மங்கின் குணம் வேறு. வெயிலும் ஹார்மோனும் பரம்பரையும் சேர்ந்து அதைக் கிளப்புகின்றன. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் பலருக்கு அது வருவது இதனால்தான். போனாலும் திரும்பி வரும்.

உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கை வைத்து முகத்தைப் பார்த்தார். நிறமி தோலின் மேலடுக்கில் இருந்தால் அந்த வெளிச்சத்தில் திட்டு இன்னும் அழுத்தமாகத் தெரியுமாம். ஆழத்தில் இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாதாம். நல்ல கருப்பு நிறத் தோலில் இந்தச் சோதனையை அவ்வளவாக நம்ப முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார். எனக்குக் கன்னத்தில் மேலடுக்கில் இருக்கிறது, நெற்றியில் இரண்டும் கலந்து இருக்கிறது. தினமும் காலையில் வைட்டமின் சி சீரம், அதன்மேல் சன்ஸ்கிரீன். ஏப்ரலில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 10

எந்த சீரம் என்று தேட உட்கார்ந்ததில் மாலை முழுக்கப் போய்விட்டது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்தான்.

எல்லா பாட்டிலிலும் ‘வைட்டமின் சி’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டியது பின்பக்கத்துப் பொடி எழுத்தை. எல்-அஸ்கார்பிக் அமிலம் என்று இருந்தால் அது வைட்டமின் சி-யின் நேர் வடிவம். இது தண்ணீரில் கரையும் பொருள், தோலின் மேற்பரப்போ கொழுப்பு நிறைந்த தடுப்பு. சும்மா பூசினால் உள்ளே போகாது. அமிலத்தன்மை நன்றாக இருந்தால்தான், அதாவது பிஎச் 3.5-க்குக் கீழே இருந்தால்தான், மூலக்கூறு தன் மின்னேற்றத்தை இழந்து தோலுக்குள் நுழையும். இதை 2001-ல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் பின்னெல் குழு பன்றித் தோலில் சோதித்துக் காட்டியது. செறிவு 20 சதவீதம் வரை ஏற ஏற உள்ளே போகும் அளவும் ஏறியது, அதற்கு மேல் ஏறவில்லை. ஆக, 30 சதவீதம் என்று பெருமையடிக்கும் பாட்டிலால் எரிச்சல்தான் கூடும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: உள்ளே போன வைட்டமின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 4 நாள் ஆகிறது. ஒரு காலை பூச மறந்தால் ஒன்றும் குடி மூழ்கிவிடாது.

2005-ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், 15 சதவீதம் வைட்டமின் சி, 1 சதவீதம் வைட்டமின் ஈ கலந்த கரைசலில் 0.5 சதவீதம் ஃபெரூலிக் அமிலம் (தாவரங்களில் உள்ள ஓர் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) சேர்த்தார்கள். கரைசல் சீக்கிரம் கெடாமல் இருந்தது, வெயிலிலிருந்து தோலைக் காக்கும் திறனும் இரண்டு மடங்கானது. இந்தக் கூட்டணியை இன்று பல பாட்டில்களில் பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

அமிலம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட், அஸ்கார்பைல் குளுக்கோசைடு போன்ற மாற்று வடிவங்கள் உண்டு. எரிச்சல் குறைவு, லேசில் கெடாது. ஆனால் தோலுக்குள் போய் அவை வைட்டமின் சி-யாக மாற வேண்டும், ஆய்வுகளும் நேர் வடிவத்துக்கு உள்ள அளவு இல்லை. நான் 10 சதவீத எல்-அஸ்கார்பிக் அமிலம், ஃபெரூலிக் சேர்த்தது, அடர் நிறக் கண்ணாடி பாட்டிலில் சிறிய அளவு வாங்கினேன்.

ஜனவரி 13

முன்கையின் உட்புறத்தில் தடவிப் பார்த்ததில் தடிப்பு எதுவும் இல்லை. இன்று முதல் முகத்தில். கழுவித் துடைத்த முகத்தில் சில சொட்டு, அது காய்ந்ததும் மாய்ஸ்சரைசர், கடைசியில் சன்ஸ்கிரீன். முதல் நிமிடம் சுரீர் என்றது, அப்புறம் அடங்கிவிட்டது.

ஜனவரி 27

கண்ணாடியில் எந்த மாற்றமும் இல்லை. எதிர்பார்க்கவும் கூடாது. ஏன் என்று எழுதி வைக்கிறேன், பொறுமை போகும்போது படித்துக்கொள்ளலாம்.

மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அதன் நடுவில் செம்பு அயனிகள் இருக்கின்றன. வைட்டமின் சி அந்தச் செம்போடு போய்க் குறுக்கிடுகிறது. நொதி பாதி வழியில் உண்டாக்கும் டோபாகுவினோன் என்ற இடைப்பொருளையும் அதற்கு முந்தைய நிலையான டோபாவாகத் திருப்பி அனுப்புகிறது. புதிய நிறமி உற்பத்தி குறைகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே தோலில் ஏறிவிட்ட மெலனினை அது வந்து அழிப்பதில்லை. அந்தச் செல்கள் மேலே வந்து உதிர வேண்டும், அதற்கு இளம் வயதில் ஏறக்குறைய 4 வாரம், வயது ஏற ஏற இன்னும் கூடுதல். ஒரே வாரத்தில் கறை போகும் என்று சொல்கிற விளம்பரம் எதுவானாலும் நம்பாதீர்கள். அவ்வளவு வேகமாக வெளுக்க வைக்கிற கிரீமில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கலாம்.

பிப்ரவரி 9

அக்கா மகள் வந்திருந்தாள். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சித்தி, இதப் போட்டா நான் கலராயிடுவேனா?” என்று கேட்டாள். பதினாலு வயது. நெஞ்சு கனத்துவிட்டது.

“இல்லடா, ஆக மாட்டே. ஆகவும் வேண்டாம்” என்றேன். அவள் பிறந்த நிறத்தை இது மாற்றாது. ஒரு இடத்தில் தேவைக்கு மேல் ஏறிய நிறமியைப் பக்கத்துத் தோலின் நிறத்துக்குக் கொண்டுவர உதவும், அதுவும் ஓரளவுக்கு. என் கன்னம் என் நிறத்திலேயே சீராக இருந்தால் போதும், இன்னொருவர் நிறம் எனக்கு எதற்கு? கருமையான தோலில் மெலனின் கூடுதலாக இருப்பதே வெயிலுக்கு எதிரான காவல்தான் என்று அவளுக்குச் சொன்னேன். சிகிச்சை வேண்டியது திட்டுக்கு, நிறத்துக்கு இல்லை. இந்த வித்தியாசத்தை மருந்து விற்பவர்கள் வேண்டுமென்றே குழப்புகிறார்கள் என்பது என் எண்ணம், அதில் எனக்குக் கோபமும் உண்டு.

அப்படியானால் எலுமிச்சைச் சாறு பூசலாமா என்று அடுத்த கேள்வி. கூடவே கூடாது. அதில் இருப்பது பெரும்பாலும் சிட்ரிக் அமிலம், தோலை எரிக்கும். தோலில் சாறு பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளமே வரலாம், ஆறிய பின் புதிய கறை நிற்கும்.

மார்ச் 1

கன்னத்துப் புள்ளிகளின் ஓரம் கரையத் தொடங்கியிருக்கிறது. ஒரே ஜன்னல், ஒரே நேரம், பூச்சு எதுவும் இல்லாத முகம் என்று எடுத்த படங்களை அருகருகே வைத்தால்தான் தெரிகிறது. நெற்றி அப்படியே.

சன்ஸ்கிரீன் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சீரம் மெலனினைத் தடுக்கும் வேகத்தைவிட வெயில் அதைத் தூண்டும் வேகம் அதிகம். சன்ஸ்கிரீனின் காக்கும் திறனைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண் சோதிக்கப்படுவது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி. நம்மில் பலர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய சரியாக வரும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். மங்கு உள்ளவர்களுக்கு இன்னொரு சங்கதி: புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைத் தூண்டும். அதைத் தடுக்க இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீன் வேண்டும். இன்று முதல் அதற்கு மாறிவிட்டேன்.

மார்ச் 19

சீரம் வெளிர் மஞ்சளிலிருந்து செம்பழுப்பாகிவிட்டது. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டு அஸ்கார்பிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது என்று அர்த்தம். அடியில் கொஞ்சம் மீதி இருந்தது, கொட்டிவிட்டேன். வாங்கும்போதே சிறிது மஞ்சளாக இருக்கும் தயாரிப்புகளும் உண்டு, எனவே முதல் நாள் நிறத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏப்ரல் 12

மருத்துவர் பழைய படத்தையும் இன்றைய முகத்தையும் ஒப்பிட்டார். கன்னத்துப் புள்ளிகளில் பெரும்பாலானவை போய்விட்டன. சில இடங்களில் இளம்பழுப்பு நிழல் இருக்கிறது. இதில் எவ்வளவு சீரத்தின் வேலை, எவ்வளவு சன்ஸ்கிரீனும் காலமும் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் நேர்மையாக. நெற்றி மங்கு கொஞ்சம் வெளிறியிருக்கிறது, போகவில்லை.

மங்குக்கு இது மட்டும் போதாதா என்று கேட்டேன். 2004-ல் வந்த ஓர் ஆய்வைச் சொன்னார். மங்கு உள்ள 16 பெண்களுக்கு முகத்தின் ஒரு பாதியில் 5 சதவீத அஸ்கார்பிக் அமிலம், மறு பாதியில் நிறமியைக் குறைக்கும் மருந்தான ஹைட்ரோகுவினோன் 4 சதவீதம், 16 வாரம். நல்ல முன்னேற்றம் தெரிந்தது ஹைட்ரோகுவினோன் பக்கத்தில் 93 சதவீதம், வைட்டமின் சி பக்கத்தில் 62.5 சதவீதம். ஆனால் எரிச்சல் முதலியவை ஹைட்ரோகுவினோன் பக்கம் 68.7 சதவீதம், வைட்டமின் சி பக்கம் 6.2 சதவீதம். சிறிய ஆய்வுதான், என்றாலும் வைட்டமின் சி-யின் இடம் எது என்று புரிகிறது: பலம் குறைவு, தொந்தரவும் குறைவு, நீண்ட நாள் தொடரலாம். இரவில் அசிலேயிக் அமிலம் என்ற, நிறமியைக் குறைக்கும் இன்னொரு பூச்சு மருந்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். காலையில் சீரம் தொடரும்.

ஏப்ரல் 20

ஆறு மாதக் கர்ப்பிணியான தோழிக்கு மேலுதட்டில் மங்கு வந்திருக்கிறது. “நீ போடுறதையே நானும் போடட்டுமா?” என்று போனில் கேட்டாள். வைட்டமின் சி சீரமும் அசிலேயிக் அமிலமும் பொதுவாகக் கர்ப்ப காலத்தில் அனுமதிக்கப்படுபவை. ரெட்டினாய்டும் (வைட்டமின் ஏ வகை மருந்து) ஹைட்ரோகுவினோனும் வேண்டாம் என்பார்கள். இருந்தாலும் உன் மருத்துவரிடம் பாட்டிலைக் காட்டிவிட்டுத் தொடங்கு என்றேன். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பலருக்கு அது தானாகவே குறையும் என்பதால் அவசரம் ஒன்றும் இல்லை. சாயல் கொண்ட சன்ஸ்கிரீனை மட்டும் இன்றே தொடங்கச் சொல்லியிருக்கிறேன், ஜிங்க் ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து.