நடக்காமல் போனதற்கும் ஒரு வினைவடிவம்

ஃபிரெஞ்சு மொழியின் 'கோந்திசியோனெல் பாஸே', நடந்திருக்கக்கூடிய, ஆனால் நடக்காமல் போன செயல்களைச் சொல்லும் வடிவம். 'அவ்வார்' அல்லது 'எத்ர்' என்னும் துணைவினையை நிகழ்கால நிபந்தனை வடிவில் நிறுத்தி, முதன்மை வினையின் இறந்தகால எச்சத்தைச் சேர்க்க வேண்டும்: 'ஜோரே பார்லே' என்றால் 'நான் பேசியிருப்பேன்', 'ஜ ஸெரே வெனு' என்றால் 'நான் வந்திருப்பேன்'. 'ஸி' ('என்றால்') என்று தொடங்கும் நிபந்தனைத் தொடருக்குள் மட்டும் இது வராது. அங்கே, கடந்த செயல் ஒன்றுக்கும் முன்பே நடந்ததைச் சொல்லும் 'ப்ளூ-க-பார்ஃபே' என்னும் வடிவம் வரும்.

என்னை மிகவும் ஈர்ப்பது செய்தித்தாள்களில் இதற்குள்ள பயன்பாடு. அமைச்சர் ஒருவர் பதவி விலகியதாகத் தகவல் வந்து, அது இன்னும் உறுதியாகாத நிலையில், செய்தியாளர் 'ல மினிஸ்த்ர் ஓரே தெமிஸியோனே', அதாவது 'அமைச்சர் பதவி விலகியதாகக் கூறப்படுகிறது' என்று எழுதுவார். 'கூறப்படுகிறது' என்று தனியே சேர்க்காமலே, உறுதியாகாத தன்மை முழுவதையும் வினையே தாங்கிவிடுகிறது.