பட்டனைப் பார்த்து டயர் வாங்காதீர்கள்

மலை சைக்கிளுக்கு டயர் வாங்குகிறவர்கள் முதலில் பட்டனைத்தான், அதாவது டயரின் மேல்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளைத்தான் பார்க்கிறார்கள். எவ்வளவு உயரம், எவ்வளவு இடைவெளி, ஓரப் பட்டன் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று விரலால் நெருடிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டுகிறார்கள். மண் பாதைக்கு அது போதும். பாறைப் பாதையில் ஓட்டுகிறவர்கள் பார்க்கவேண்டிய இடம் வேறு. டயரைக் கையில் எடுத்து, பட்டன் வரிசைக்கும் ரிம்முக்குள் உட்காரும் விளிம்புக்கும் நடுவே இருக்கும் பக்கச்சுவரைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து மடக்கிப் பாருங்கள். சிரமமே இல்லாமல் மடங்கினால் கீழே வைத்துவிடலாம். மடங்க முரண்டு பிடித்து, விட்டதும் பழைய வடிவத்துக்கே துள்ளித் திரும்பினால் அந்த டயரைப் பற்றி மேற்கொண்டு பேசலாம்.

நான் ஓட்டுவது பெரும்பாலும் பாறையில்தான். என் பின் டயர்களில் பட்டன் தேய்ந்து ஓய்வுபெற்றவை மிகக் குறைவு. பக்கச்சுவர் கிழிந்து அற்ப ஆயுளில் போனவையே அதிகம். அப்படிக் கிழிந்த ஒன்று இப்போதும் மேசைமேல் கிடக்கிறது. வெளியே பார்த்தால் நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு, அவ்வளவுதான். ரிம் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை மேலே. உள்பக்கத்தைத் திருப்பினால்தான் உண்மை தெரிகிறது: வெளிறிய நைலான் நூல்கள் வரிசையாக அறுந்து பிசிறு நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சுற்றி சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) திரிதிரியாகக் காய்ந்து ஒட்டியிருக்கிறது. தன்னால் முடிந்தவரை அடைக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறது, பாவம். கட்டைவிரலால் அழுத்தினால் கோடு வாயைத் திறக்கிறது. பட்டன்கள் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கின்றன.

பாறை டயரை இரண்டு விதமாகக் கொல்கிறது. ஒன்று, கூரிய விளிம்பு பக்கச்சுவரில் உரசிக்கொண்டே போய் அறுப்பது. பலகை பலகையாக உடையும் கற்கள் இருக்கும் பாதையில் இதுதான் அதிகம். இன்னொன்று, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்குவது. டியூப் போட்டு ஓட்டிய காலத்தில் இரண்டாவது வகையைப் பாம்புக்கடி என்றோம். டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகளிலிருந்து குமிழி வரும். 1999-இல் மவிக், ஹச்சின்சன், மிஷலின் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து மலை சைக்கிளுக்கு யு.எஸ்.டி. என்ற டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்த பிறகு, கடிபட டியூப் இல்லாமல் போனது. கல்லும் ரிம்மும் எங்கும் போய்விடவில்லை. இப்போது அவை டயரையே கடிக்கின்றன.

ஆகவே உண்மையில் நாம் வாங்குவது டயரின் உடம்பை. அதைக் கேசிங் என்கிறார்கள். ரப்பர் பூசிய நைலான் நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போடப்பட்டு, அதன்மேல் பட்டன் ரப்பர் ஒட்டப்படுகிறது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பதுதான் டி.பி.ஐ. என்று அச்சிடப்படும் எண். 60-ஐவிட 120 உசத்தி என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. புடவைக் கடைக் கணக்கு இங்கே செல்லாது. 120 என்றால் நூல் மெல்லியது. டயர் இளக்கமாக, எடை குறைவாக இருக்கும். 60 என்றால் நூல் தடித்தது. அறுபடுவதை நன்றாகத் தாங்கும். இந்த எண்ணைவிட முக்கியமானது, பக்கச்சுவரில் எத்தனை அடுக்கு, விளிம்புக்கு மேலே நசுங்கலைத் தாங்க ப்யூட்டைல் ரப்பர் பட்டை வைத்திருக்கிறார்களா என்பதுதான்.

இதை மேலட்டையில் நேராகச் சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். சொல்லமாட்டார்கள், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு பெயர் வரிசை வைத்திருக்கிறது. மாக்சிஸில் எக்ஸோ, எக்ஸோ பிளஸ், டபுள்டவுன், டி.ஹெச். என்று தடிமன் ஏறிக்கொண்டே போகும். ஷ்வால்பேயில் சூப்பர் டிரெயில், சூப்பர் கிராவிட்டி, சூப்பர் டவுன்ஹில். கான்டினென்டலில் டிரெயில், எண்டூரோ, டவுன்ஹில். முக்கியமான விஷயம், ஒரே பட்டன் அமைப்பு, ஒரே பெயர், ஆனால் வெவ்வேறு கேசிங்கில் விற்கிறார்கள். மாக்சிஸின் டயர் ஒன்றுக்கு மினியன் என்று பெயர். "நான் மினியன் போட்டிருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை. எந்த மினியன்? எக்ஸோ மினியனும் டி.ஹெச். மினியனும் முகச்சாயலில் இரட்டையர். உடம்பில் ஒருவர் நோஞ்சான், மற்றவர் பயில்வான்.

ஒற்றை அடுக்கு டயருக்கும் இரட்டை அடுக்கு டயருக்கும் எடையில் ஏறக்குறைய கால் கிலோ வித்தியாசம் வரும். அந்தக் கால் கிலோவைச் சொன்னதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. சுழலும் எடை, அதனால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கணக்குச் சொல்வார்கள். நின்ற இடத்திலிருந்து உந்திக் கிளம்பும்போது இரண்டு மடங்கு வரை உண்மைதான், மூன்று இல்லை. சீரான வேகத்தில் ஏற்றம் மிதிக்கும்போது எடை சுழன்றால் என்ன, சும்மா இருந்தால் என்ன? ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 90 கிலோ என்றால் கால் கிலோ என்பது 0.3 சதவீதம்கூட இல்லை. தடித்த டயர் தட்டையான தார்ச்சாலையில் மந்தமாக உருளும், அதை மறைக்கப் போவதில்லை. அந்த மந்தம் பெரும்பாலும் எடையால் வருவதல்ல. உருளும்போது கனத்த பக்கச்சுவரும் ரப்பரும் மடங்கி நிமிர்வதில் சக்தி வீணாவதால் வருவது.

ஆனால் இந்த வாதம் முழுக்கவே பாதி விஷயத்தை விட்டுவிட்டு நடக்கிறது. விடுபட்ட பாதி, காற்றழுத்தம். மெல்லிய டயரில் பாறையில் இறங்கவேண்டுமென்றால் ரிம்மைக் காப்பாற்றக் காற்றை ஏற்றித்தான் ஆகவேண்டும். என் எடை எழுபது கிலோவும் கொஞ்சமும். மெல்லிய டயரில் பின்னால் 28, 29 பி.எஸ்.ஐ. இல்லாமல் எனக்கு நிம்மதி கிடையாது. அந்த அழுத்தத்தில் டயர் கல்லை அணைத்துக்கொள்ளாமல் அதன்மேல் துள்ளுகிறது. துள்ளும் நேரமெல்லாம் பிடிமானமும் இல்லை, பிரேக்கும் இல்லை. இரட்டை அடுக்கு டயரில் அதே சக்கரத்துக்கு 24 போதும். டயர் தரையைத் தொடும் பரப்பு, சுமையை அழுத்தத்தால் வகுத்தால் வருவதை ஒட்டித்தான் இருக்கும். அழுத்தம் குறைந்தால் பரப்பு கூடும். கனமான டயரை நான் பஞ்சருக்குப் பயந்து வாங்கவில்லை. காற்றைக் குறைத்து ஓட்டும் சுதந்திரத்துக்காக வாங்குகிறேன். பஞ்சர் குறைவது கொசுறு.

இவ்வளவு சின்ன வித்தியாசம் பேசுகிறோம் என்றால் அளக்கும் கருவி ஒழுங்காக இருக்கவேண்டும். 160 வரை எண் போட்ட பம்ப் முள்ளில் 24-க்கும் 26-க்கும் நடுவே மயிரிழைதான் இடைவெளி. தனியாக ஒரு டிஜிட்டல் அளவி வைத்துக்கொள்ளுங்கள். வெயிலையும் கணக்கில் எடுங்கள்: விடியற்காலைக் குளிரில் 25 வைத்துக் கிளம்பினால், டயருக்குள் சூடு பத்து டிகிரி ஏறும்போது அது 26-ஐத் தாண்டிவிடும்.

முன்னும் பின்னும் ஒரே டயர் போடுவது அழகாக இருக்கும். பாறைக்கு அது சரிப்படாது. முன் சக்கரத்தை நாம் பார்த்து ஓட்டுகிறோம், கல் வந்தால் கையால் லேசாகத் தூக்கிவிடுகிறோம். பின் சக்கரத்துக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. உடம்பின் பெரும்பங்கு எடையைச் சுமந்துகொண்டு, முன் சக்கரம் சாமர்த்தியமாகத் தவிர்த்த அத்தனை கல்லிலும் அது போய் முட்டுகிறது. அதனால் பின்னால் கிடைப்பதில் தடித்த கேசிங், முன்னால் ஒரு படி மெல்லியது. ரப்பர் விஷயத்தில் நேர்மாறு. முன்னால் மிக மென்மையானது (மாக்சிஸில் மாக்ஸ்கிரிப், ஷ்வால்பேயில் அடிக்ஸ் அல்ட்ரா சாஃப்ட்), பின்னால் நடுத்தரம். மென்மையான ரப்பர் அழுந்திய பிறகு மெதுவாகத்தான் மீளும். கல்லைத் தொட்டால் உடனே துள்ளி விலகாமல் ஒட்டிக்கொண்டு போவது அதனால்தான். அதே ரப்பரைப் பின்னால் போட்டு, சொரசொரப்பான கிரானைட்டில் பிரேக் பிடித்து இறங்கினால் நடு வரிசைப் பட்டன்களின் விளிம்பு கண்ணெதிரே உருண்டுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் பட்டன். சேற்றுக்கென்று செய்த உயரமான, விலகி நிற்கும் பட்டன் பாறையில் வளைந்து கொடுக்கும். சாய்ந்து திரும்பும்போது அடியோடு பிய்ந்தும் போகும். தாழ்ந்த, அகன்ற, நெருக்கமான பட்டன்தான் இங்கே வேண்டும். ஓரப் பட்டனின் அடி, நுனியைவிட அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்து வழவழப்பான சுண்ணாம்புப் பாறையில் எந்தப் பட்டனும் உதவாது, இறங்கித் தள்ளுங்கள். நனைந்த கிரானைட் அவ்வளவு துரோகம் செய்யாது.

அளவு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உள் அகலம் 30 மி.மீ. உள்ள ரிம்முக்கு 2.4 அல்லது 2.5 அங்குலம் பொருத்தம். பக்கச்சுவரில் 61-622 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். முதலாவது மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம். 622 என்றால் 29 அங்குலச் சக்கரம், 584 என்றால் 27.5, 559 என்றால் 26. அங்குலக் கணக்கைவிட இதை நம்பலாம்.

டயருக்குள் போடும் நுரை வளையத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ரிம்மை நன்றாகக் காக்கும், நசுங்கலையும் குறைக்கும். பக்கவாட்டில் அறுக்கும் கல்லை அது ஒன்றும் செய்யாது. மெல்லிய டயருக்குள் வளையத்தைப் போட்டு எடையை ஏற்றுவதற்குப் பதிலாக, அதே எடையைக் கேசிங்கில் சேர்ப்பது என் கட்சி. போதாக்குறைக்கு, நடுப்பாதையில் டயர் கிழிந்து, சீலன்ட் வழியும் கைகளோடு அந்த வளையத்தைப் பிடுங்கி வெளியே எடுக்கும் சுகத்தை எதிரிக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

சீலன்ட் முள் குத்தலுக்கும் சின்ன ஓட்டைக்கும்தான். பட்டன் பகுதியில் சற்றுப் பெரிய ஓட்டை என்றால் குத்திச் செருகும் ரப்பர் திரி நிற்கும். பக்கச்சுவர்க் கிழிசலில் அது நிற்பதில்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் சுவர் மடங்கி நிமிர்ந்து திரியைக் கக்கிவிடும். இதற்காகப் பையில் ஒரு பழைய டயரின் பக்கச்சுவர்த் துண்டு வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம், ஓரங்களைக் கத்தியால் சீவி மெலிதாக்கியது. கிழிசலுக்கு உள்ளே அதை வைத்து, மேலே டியூப் போட்டுக் காற்றடித்தால் வீடு வரை வந்துவிடலாம். டியூப் போடுமுன் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். சீலன்ட் இத்தனை நாள் சத்தமில்லாமல் அடைத்து வைத்திருந்த முட்கள் அங்கே வரிசையாகக் காத்துக்கொண்டிருக்கும்.

இரட்டை அடுக்கு டயரை ரிம்மில் ஏற்றுவது மெல்லியதை ஏற்றுவதுபோல் இல்லை. நெம்புகோலை எடுக்குமுன், ஏற்கெனவே உள்ளே போன விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் சுற்றிலும் அமுக்கிவிடுங்கள். அதில் கிடைக்கும் தொய்வில் மிச்சத்தைப் பெரும்பாலும் கையாலேயே தள்ளிவிடலாம். வால்வு இருக்கும் இடத்தைக் கடைசிக்கு வையுங்கள். காற்றடித்த பிறகு விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய அச்சுக்கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரியவேண்டும். எங்காவது உள்ளே மறைந்தால் காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்பு நீர் தடவி மறுபடி அடியுங்கள்.