95 டிகிரியில் ஒரு வாரம்

மே 6, 2024
முகூர்த்த மாதம். எடிட் செய்த நாலு கல்யாண வீடியோ ரெண்டருக்கு, அதாவது கம்ப்யூட்டர் முழு வீடியோவாக ஆக்கித் தருவதற்கு, காத்துக் கிடக்கின்றன. நேற்று ராத்திரி என் கம்ப்யூட்டரின் பிராசசர் ரைசன் 5 3600-ஐ, வேலை செய்யும் கோர்கள் எல்லாவற்றிலும் 4.2 கிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்ட் என்று ஏற்றிவிட்டேன். பத்தே நிமிடத்தில் 95 டிகிரி. அதுதான் அதன் எல்லை. தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இப்போதைக்குக் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, கூடத்து டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அப்பா முறைக்கிறார்.

மே 7
முன்பு 3.9 கிகாஹெர்ட்ஸ், சுமார் 1.2 வோல்ட். வேகம் கூடினால் சூடும் அதே அளவில் கூடும். வோல்ட்டேஜ் கூடினாலோ அதன் வர்க்கமாகக் கூடும். ஆக, எனக்குக் கிடைத்த வேகம் 8 சதவீதம், வாங்கிக் கட்டிக்கொண்ட சூடு 26 சதவீதம். பிராசசரின் சூட்டை இறக்க, பெட்டியோடு வந்த கூலர் வெறும் அலுமினியக் கட்டி. அதை நொந்து என்ன பயன்?

மே 9
மனசெல்லாம் நாக்டுவா என்எச்-டி15 என்ற பெரிய கூலர் மேல். ஆறு ஹீட் பைப், இரண்டு 140 மி.மீ. ஃபேன். உயரம் 165 மி.மீ. கேபினெட்டுக்குள் ஸ்கேலை விட்டு அளந்தால் 160தான் இருக்கிறது. ஆசை அங்கேயே முடிந்தது.

ஹீட் பைப் என்பது கெட்டிச் செம்புக் கம்பி இல்லை. உள்ளே காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் வைத்து மூடியிருப்பார்கள். அது அடியில் ஆவியாகி, கூலரின் மெல்லிய தகடுகள் இருக்கும் பக்கம் போய்க் குளிர்ந்து, உட்சுவரோடு கசிந்து திரும்பிவரும். இட்லிப் பானை மூடியில் நீர் கோப்பது போலத்தான்.

மே 11
சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. முதல் கடையில், "ஓசி பண்றீங்கன்னா லிக்விட்தான் சார்" என்றார்கள். ஓசி என்றால் ஓவர்கிளாக், நான் செய்த இந்த வேகம் ஏற்றும் வேலை; லிக்விட் என்றால் திரவம் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலர். அந்த ரேடியேட்டருக்கும் என் அறைக் காற்றுதானே? அது இப்போது 34 டிகிரி. போதாததற்கு, இந்தச் சில்லில் கோர்கள் இருக்கும் துண்டு வெறும் 74 சதுர மி.மீ.; சூடு அத்தனையும் அந்தச் சின்ன இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு பெரிய கூலர் வைத்தாலும் லாபம் சொற்பம்.

அடுத்த கடைப் பெரியவர் விலையே பேசவில்லை. "கேபினெட் எவ்ளோ அகலம் தம்பி? ரேம் உயரமா, குட்டையா?" அவரிடமே வாங்கினேன். டீப்கூல் ஏகே400: 155 மி.மீ., நாலு பைப், ஒரு 120 மி.மீ. ஃபேன்.

மே 12
பழைய கூலரின் நாலு திருகையும் கழற்றி நேராகத் தூக்கினேன். பிராசசரும் கூடவே வந்துவிட்டது! பிராசசரைப் பிடித்திருக்கும் சாக்கெட் லீவர் பூட்டியபடியே இருக்கிறது. சூடு கடத்த இரண்டுக்கும் நடுவே பூசியிருந்த பேஸ்ட் காய்ந்து அப்படிப் பிடித்திருக்கிறது. கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, இடவலமாகத் திருகிவிட்டு எடுத்திருக்க வேண்டும். தெரிந்தே அவசரப்பட்டேன். 1331 பின்களில் ஓரத்தில் இரண்டு சாய்ந்திருந்தன. லெட் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்த நுனித் துளைக்குள் ஒவ்வொரு பின்னாக விட்டு நிமிர்த்தினேன். முக்கால் மணி நேரம், மின்விசிறி போடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஆன் ஆனது.

மே 13
மதியம் அறை 34 டிகிரி, ரெண்டரில் பிராசசர் 81. விடியற்காலை அறை 30, பிராசசர் 77. இரண்டு வேளையும் வித்தியாசம் 47. கூலரின் லட்சணம் அந்த 47தான். மீதி வெயிலின் கணக்கு.

டேபிள் ஃபேனை அப்பா வந்து எடுத்துக்கொண்டு போனார். பக்கத் தகட்டை மூடலாமென்றால் ஒரு திருகைக் காணோம்.