மூன்றரை

"யாருடா பூஜை மணிய அடிக்கிறது?" அடுப்படியிலிருந்து அம்மா.

ஸ்பீக்கரில் ஓடியது டெக்ஸெட். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டின் வேலையைக் கணினியில் செய்யும் இலவச சிந்தசைசர், அதாவது ஒலிகளை உருவாக்கும் மென்பொருள்.

அதில் ஒலி அலையை எழுப்பும் ஆபரேட்டர்கள் ஆறு, அவற்றை இணைக்க 32 வழிகள். காலையில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிட்டேன். ஒன்று ஒலிக்கும், இன்னொன்று அதை உலுக்கும். உலுக்கும் வேகம் இரண்டு மடங்காக இருந்தவரை கிளாரினெட் சாயலில் ஒரு சத்தம். மெதுவாக ஏற்றி 3.5 மடங்கில் நிறுத்தி, ஒலி மெல்லத் தேய்ந்து அடங்கும்படி வைத்தேன்.

வெண்கலம்!

எந்த சிந்த் வாங்கலாம் என்று கேட்கும் தம்பிகளே, காசை வைத்திருங்கள். முதலில் இதைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் சர்ஜ் எக்ஸ்டி, அதுவும் இலவசம்தான். வைட்டலிலும் இலவசப் பதிப்பு உண்டு. ஒலி அலை உருமாறுவதைத் திரையில் கண்ணாலேயே பார்க்கலாம், கற்றுக்கொள்பவர்களுக்கு அது பெரிய துணை. ஆயிரக்கணக்கான ப்ரீசெட் மூட்டைகளை, அதாவது யாரோ முன்பே செய்துவைத்த ஒலிகளை, ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்த 3.5-ஐ எந்த ப்ரீசெட்டும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ அடி."