போர்க்குணம் என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது

போன மாதம் ஒரு தொழிற்சங்கத்துக்காக ஆங்கில விசாரணை அறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். முப்பது பக்கம். அதில் ஒரு மேற்பார்வையாளரைப் பற்றி, அவருடைய ‘பக்னாசிட்டி’ (pugnacity) தாங்காமல் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனதாக ஒரு வரி. இரவு பதினொரு மணி. ‘போர்க்குணம்’ என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

காலையில் சங்கத்துப் பெரியவர் போன் செய்தார். “என்னம்மா, அந்த ஆள் பண்ணின அக்கிரமத்தை எழுதச் சொன்னா பாராட்டுப் பத்திரம் எழுதியிருக்கீங்க? போர்க்குணம்கிறது நம்ம தோழர்களைச் சொல்ற வார்த்தைம்மா!”

அவர் சொன்னது சரி. மே தின மேடையில் ‘போர்க்குணம் மிக்க தொழிலாளர்களே’ என்றால் கைதட்டல்தான் வரும். தமிழில் அந்தச் சொல்லோடு ஒரு நியாயமும் ஒட்டிக்கொண்டே வருகிறது. பக்னாசிட்டிக்கு நியாயம் தேவையில்லை. காரணம் இருக்கிறதோ இல்லையோ, முட்டிக்கொள்ளத் தயாராக நிற்கிற சுபாவம் அது. சில சமயம் செல்லமாகவும் சொல்வார்கள், ஆனால் விசாரணை அறிக்கையில் செல்லம் ஏது?

பக்னாசிட்டியின் வேர் லத்தீனில் இருக்கிறது: ‘புக்னுஸ்’ என்றால் மடக்கிய கை, முஷ்டி. குத்துச்சண்டைக்காரரைக் குறிக்கும் ‘பியூஜிலிஸ்ட்’டும் அதே வீட்டுப் பிள்ளைதான். நான் எதிர்பாராத சொந்தம் ‘ரிபக்னன்ட்’. இன்று அதற்கு அருவருப்பானது என்று பொருள். முதலில் எதிர்த்து நிற்பது என்றுதான் இருந்தது. அந்தப் பழைய பொருள் சட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 254ஆம் பிரிவில், மாநிலச் சட்டம் நாடாளுமன்றச் சட்டத்தோடு மோதுவதைச் சொல்ல இந்தச் சொல்தான் வருகிறது. அங்கே யாருக்கும் யார் மீதும் அருவருப்பில்லை.

‘பெல்லிஜரன்ட்’ இதற்குப் பக்கத்து வீடு, ஆனால் அதன் வேர் ‘பெல்லம்’, போர். அதனால் நாடுகளுக்கும் பொருந்தும். சர்வதேசச் சட்டத்தில் போரில் இறங்கிய நாட்டை அப்படிச் சொன்னால் அது வசவு அல்ல. பக்னாசிட்டி அவ்வளவு தூரம் போகாது. கைக்கெட்டும் தூரத்துச் சண்டை அது. மனிதருக்குச் சொல்லலாம், நாய்க்குச் சொல்லலாம், முன்னால் துருத்திய தாடைக்குக்கூடச் சொல்கிறார்கள். பேச்சில் அதிகம் வராது, எழுத்தில்தான். உச்சரிப்பிலும் ஒரு வம்பு: பெயர்ச்சொல் பக்னாசிட்டி, பெயரடையோ பக்னேஷியஸ். டெனாசிட்டி, டெனேஷியஸ் மாதிரி.

ஒரு பறவைக்கும் இந்தப் பட்டம் உண்டு. அதன் அறிவியல் பெயர் கலிட்ரிஸ் பக்னாக்ஸ். வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவைகள் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒன்றோடொன்று மோதும். குளிர்காலத்தில் கோடியக்கரைப் பக்கம் வரும்போது அந்தக் கழுத்தலங்காரம் இருக்காது. சேற்றைக் கிளறிக்கொண்டு தன் பாட்டுக்கு மேயும். நம் ஊரில் அதற்குப் பெயர் பேதை உள்ளான். பார்த்ததை வைத்துத்தானே பெயர் வைக்க முடியும்?

சரி, அறிக்கைக்கு வருகிறேன். ‘சண்டைக்குணம்’ என்று எழுதிப் பார்த்தேன், மொட்டையாக இருந்தது. ‘சண்டைக்கோழி’ பொருத்தம்தான், என் அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவாள், ஆனால் அறிக்கையில் வைக்க முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டுவது, வரிந்து கட்டிக்கொண்டு வருவது எல்லாம் மனதில் வந்து போயின. ஆங்கிலம் கைமுட்டியைப் பார்க்கிறது, நாம் இடுப்பைப் பார்க்கிறோம். கடைசியில் ‘வலுச்சண்டைக்கு இழுக்கும் சுபாவம்’ என்று மாற்றி அனுப்பினேன். ஒரு சொல்லுக்கு மூன்று சொல்.

மாலையில் பெரியவர் மறுபடி கூப்பிட்டார். “இப்பத்தாம்மா அந்த ஆளை நேர்ல பார்த்த மாதிரி இருக்கு. பில் அனுப்பிடுங்க.”