விற்பனைக்கு: 1966 ஜிடிஓ, குறைகள் உட்பட

போன மாதம் என் போன்டியாக் ஜிடிஓ என்ற பழைய அமெரிக்கக் காரைக் கைமாற்றிவிட்டேன். மிச்சிகனில் இந்த மாதிரி வண்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அதைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கும். அதனால், அவர்கள் கண்டுபிடிக்கப் போவதை எல்லாம் முதலிலேயே விளம்பரத்தில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஜிடிஓ அதிகம் விற்றது 1966-இல்தான், 96,946 வண்டிகள். ஆனாலும் போன்டியாக்கின் இன்னொரு மாடலான லீமான்ஸ் வண்டிக்கு ஜிடிஓ வேஷம் போட்டு விற்பவர்கள் உண்டு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தகடு இருக்கும். எண் 242 என்று தொடங்கினால் ஜிடிஓ, 237 என்றால் லீமான்ஸ். அந்தத் தகட்டைத்தான் முதல் படமாகப் போட்டேன். கூடவே, பழைய போன்டியாக் ஆவணங்களை வைத்திருக்கும் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் பணம் கட்டி வாங்கிய தொழிற்சாலை பில்லின் நகல்.

சிக்கலே அந்த நகலில்தான். அதன்படி என் வண்டிக்கு 335 குதிரைத்திறன், எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க ஒரே ஒரு நான்கு பேரல் கார்பரேட்டர். பானெட்டைத் திறந்தால் வரிசையாக மூன்று! முன்பு வைத்திருந்த யாரோ டிரை-பவர் என்ற மூன்று கார்பரேட்டர் செட்டை மாட்டியிருக்கிறார். சாதாரணமாக ஓட்டும்போது நடுவில் உள்ளது மட்டும் வேலை செய்யும், ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தால் மற்ற இரண்டும் திறந்துகொள்ளும். அந்த உறுமலுக்காகவே நான் வாங்கினேன். ஜிடிஓவில் டிரை-பவர் வந்த கடைசி ஆண்டும் 1966தான், அதனால் மவுசு அதிகம்.

"கேட்டா சொல்லிக்கலாம், நீயா ஏன் எழுதுற?" என்றான் நண்பன். எழுதினேன். பாதிப் பேர் அதோடு விலகிக்கொண்டார்கள். நல்லது, அவர்கள் வீடு வரை வந்து முகம் சுளிப்பதைவிட இது மேல்.

ஒருவர் வண்டியைப் பார்க்காமலே கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டார். கூடுதல் தொகைக்கு காசோலை அனுப்புவாராம், மிச்சத்தை வண்டியை ஏற்றிப்போக வரும் லாரிக்காரருக்கு நான் அனுப்ப வேண்டுமாம். போலிக் காசோலை என்று வங்கி கண்டுபிடிப்பதற்குள் நம் காசு போயிருக்கும். அவருக்குப் பதிலே போடவில்லை.

பக்கத்து மாநிலமான ஒஹையோவின் டொலீடோவிலிருந்து வந்தவர் வேறு ரகம். வணக்கம் சொன்ன கையோடு பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. சூடாக்கி வைத்த எஞ்சின் எதையும் மறைக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். துணி சுற்றிய காந்தத்தைப் பின் சக்கரங்களுக்கு மேலே மெதுவாக நகர்த்தினார். இடது பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டவில்லை. பட்டி பூசிய இடம். "விளம்பரத்துல சொன்னது இதுதானே?" என்று கேட்டுவிட்டு, டிக்கிக்குள் தலையை விட்டார்.

48,000 டாலர் கேட்டிருந்தேன், 44,500-க்கு முடிந்தது. டிரை-பவர் தொழிற்சாலையிலேயே வந்திருந்தால் இன்னும் நிறைய கிடைத்திருக்கும், ஆனால் அது என் வண்டி இல்லையே.

அவருடைய வங்கிக்கு எங்கள் ஊரிலும் கிளை உண்டு. இருவரும் போய், கவுண்டரில் என் கண்முன்னே காசோலை எழுதி வாங்கிய பிறகுதான் வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் கையெழுத்துப் போட்டேன். அதையும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். இங்கே நம்பர் பிளேட் வண்டியோடு போகாது, கழற்றி நாமே வைத்துக்கொள்ள வேண்டும். கழற்ற ஸ்க்ரூடிரைவர் கொடுத்ததும் அவர்தான்.